டொம் வில்ஸின் மௌனம்: ஒரு கடிதமும் ஒரு சொல்லும்

2008இல் அவுஸ்திரேலிய விதிமுறை உதைபந்தாட்டம் தன் 150ஆவது ஆண்டைக் கொண்டாடியது. அப்போது வெளிவந்த அதிகாரபூர்வ நூலில் வரலாற்றாசிரியர் கிலியன் ஹிபின்ஸ் எழுதிய ஒரு சிறு கட்டுரை பெரிய சர்ச்சையைக் கிளப்பிவிட்டது. அந்த ஆட்டத்தை உருவாக்கியவர்களில் முதன்மையாகப் பேசப்படும் டொம் வில்ஸ், சிறுவயதில் பழங்குடிப் பிள்ளைகளோடு ‘மார்ன்குருக்’ என்ற பந்தாட்டத்தை ஆடியவர் என்றும், அதன் சாயல் அவர் வகுத்த ஆட்டத்தில் படிந்திருக்கிறது என்றும் பலர் நம்பி வந்தார்கள். ஹிபின்ஸ் அதை மனத்தை மயக்கும் ஒரு கற்பிதம் என்று தள்ளினார். வில்ஸ் அந்த ஆட்டத்தைக் கண்டதற்கோ ஆடியதற்கோ எழுத்துச் சான்று இல்லை. அவரே எங்கும் அதைக் குறிப்பிடவில்லை. அவர் வளர்ந்த மொய்ஸ்டன் பகுதியில் அது ஆடப்பட்டதற்கும் பதிவில்லை. விதிகளோ இங்கிலாந்துப் பள்ளிகளின் விதிகளிலிருந்து வந்தவை. இவைதான் அவருடைய வாதத்தின் தூண்கள்.

கடைசித் தூணை நான் ஏற்றுக்கொள்கிறேன். மற்ற மூன்றும் ‘எழுதப்படவில்லை, ஆகவே நடக்கவில்லை’ என்ற ஒரே அடித்தளத்தில் நிற்பவை. இலங்கையின் சப்ரகமுவத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ஒருவரால் அந்த அடித்தளத்தைச் சும்மா தாண்டிப் போக முடியாது. இக்கட்டுரை அதனோடுதான் மோதுகிறது.

வில்ஸின் வாழ்க்கைக் கோடுகள் கிரெக் டி மோர் எழுதிய சரிதத்தின் வழியாக இப்போது நன்றாகத் தெரிந்தவை. 1835 ஆகஸ்ட் 19இல் நியூ சவுத் வேல்ஸில் பிறந்தார். பிறந்த ஊர் மொலொங்லோ சமவெளி என்பார்கள். அது ஐயத்துக்கு அப்பாற்பட்டதல்ல. தகப்பன் ஹொரேஷியோ, குற்றவாளியாக நாடுகடத்தப்பட்ட ஒருவரின் மகன். குடும்பம் 1840 வாக்கில் மந்தைகளை ஓட்டிக்கொண்டு தெற்கே வந்து, வில்லியம் மலையடிவாரத்தில் ஜப் வுரங் மக்களின் நிலத்தில் லெக்சிங்டன் என்ற பண்ணையை அமைத்தது. நம் மூதாதையர் இராமநாதபுரத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் மன்னார் வழியாகக் கால்நடையாகக் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்து வந்துகொண்டிருந்த அதே பத்தாண்டு அது. 1846 வாக்கில் டொம் மெல்பேர்னில் ஒரு பள்ளியில் சேர்ந்தார். 1850இல் இங்கிலாந்தின் ரக்பி பள்ளிக்கு அனுப்பப்பட்டார். ஆக, ஜப் வுரங் பிள்ளைகளிடையே அவர் இருந்த காலம் ஏறத்தாழ ஐந்து வயதிலிருந்து பத்து, பதினொரு வயது வரை. அந்த மக்களின் மொழியைப் பேசினார், பாட்டையும் கூத்தையும் பழகினார் என்பதை யாரும் மறுப்பதில்லை.

முதலில் அந்தப் புகழ்பெற்ற கடிதம். 1858 ஜூலை 10இல் ‘பெல்ஸ் லைஃப் இன் விக்டோரியா’ பத்திரிகையில் அது வெளிவந்தது. ஆட்டத்தின் பிறப்புச் சான்றிதழ் என்று அதைக் கொண்டாடுவார்கள். கிரிக்கெட் பருவம் ஓய்ந்துவிட்டது, ஆட்டக்காரர்கள் கூட்டுப்புழுபோல முடங்கிக் கிடக்கிறார்கள் என்று வில்ஸ் தொடங்குகிறார். ஓர் உதைபந்தாட்டக் கழகம் அமைத்து, மூவரோ அதற்கு மேற்பட்டவரோ உள்ள குழுவைக் கொண்டு விதிகளை வகுத்தால் என்ன என்று கேட்கிறார். மைதானம் மிதிபட்டால் தரை இறுகும், ஆட்டக்காரருக்கு வீண் சதை போடாது என்கிறார். அது முடியாவிட்டால் ஒரு துப்பாக்கிச் சுடும் கழகமாவது தொடங்குங்கள், நாளைக்கு எதிரி வாசலில் வந்து நின்றால் உதவும் என்று முடிக்கிறார்.

இதில் மார்ன்குருக் இல்லை என்பதை எல்லோரும் பார்த்துவிட்டார்கள். ஆனால் இதில் ரக்பியும் இல்லை! ஆறாண்டுக்குக் குறையாமல் இங்கிலாந்தில் இருந்து, ரக்பி பள்ளியின் கிரிக்கெட் அணித்தலைவராக விளங்கி, 1856 டிசம்பரில் நாடு திரும்பி இரண்டாண்டுகூட ஆகாத இளைஞர், தான் ஆடி வளர்ந்த பள்ளி ஆட்டத்தின் பெயரை ஒரு தடவைகூட எழுதவில்லை. எந்த ஆட்டம், யாருடைய ஆட்டம் என்ற பேச்சே கடிதத்தில் கிடையாது. அந்த மௌனத்தை வைத்து ரக்பியின் செல்வாக்கு இல்லை என்று யாராவது சொல்வாரா? சொல்லமாட்டார். ஒரே கடிதத்தின் ஒரே மௌனம், ஒரு பக்கம் ஒன்றுமில்லை என்பதாகவும் மறுபக்கம் தீர்ப்பாகவும் படிக்கப்படுகிறது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அது வலுவான மறுப்பும்கூட. ரக்பியின் செல்வாக்குக்கு வேறு சாட்சி இருக்கிறது. விதிகள் எழுதப்பட்டபோது கூடவிருந்த வில்லியம் ஹமர்ஸ்லி 1883இல் எழுதிய நினைவுக்குறிப்பில், வில்ஸ் ரக்பி விதிகளைத்தான் முன்வைத்தார், ஆனால் அவரைத் தவிர வேறு யாருக்கும் அவை விளங்கவில்லை என்கிறார். மார்ன்குருக்குக்கு அப்படி ஒரு ஹமர்ஸ்லி இல்லை. நியாயம்தான். ஆனால் அந்தச் சாட்சி எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பத்திரிகையில் எழுதுகிறவர், பத்திரிகை எழுதுகிறவரைப் பற்றி எழுதுகிறார். லெக்சிங்டனில் வில்ஸோடு விளையாடிய பிள்ளைகளில் எவருக்கு 1883இல் ஒரு பத்திரிகை இடம் தந்திருக்கும்?

விதிகளைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. 1859 மே 17இல் பரேட் ஹோட்டலில் வில்ஸ், ஹமர்ஸ்லி, ஜேம்ஸ் தொம்சன், தொமஸ் ஸ்மித் ஆகியோர் கூடிப் பத்து விதிகளை எழுதினார்கள். அந்தக் கையெழுத்துத் தாள் 1980இல் மெல்பேர்ன் கிரிக்கெட் மைதானத்தில் ஒரு பெட்டிக்குள்ளிருந்து கிடைத்தது. காலிலிருந்து நேரே வரும் பந்தைப் பிடித்தவர் ‘மார்க்’ என்று கூவி, தடையில்லாத உதையொன்றைப் பெறலாம் என்பது ஆறாவது விதி. இன்றைய ஆட்டத்தின் உயிர்நாடியே இந்த மார்க்தான். ஆனால் அது இங்கிலாந்துப் பள்ளி விதிகளில் ஏற்கனவே இருந்தது. ‘ஒஃப்சைட்’ இல்லாமல் போனதற்கும் ஜெப்ரி பிளெய்னி போன்றோர் சொல்லும் உள்ளூர்க் காரணங்கள் போதுமானவை: இறுகிய தரை, விரிந்த திடல், திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டிய ஆட்கள். தாவி எழும்பி ஒருவர் தோள்மேல் ஏறிப் பந்தைப் பிடிப்பதைக் காட்டி, இதோ மார்ன்குருக் என்பவர்களோடும் நான் இல்லை. அந்த உயரப் பிடிப்பு 1859இல் வழக்கமாக இருக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்தே பரவியது. நீள்வட்டப் பந்தை விக்டோரியாவுக்குப் பழக்கியவர்களில் வில்ஸே முன்னிற்கிறார்; அதுவும் ரக்பியின் சொத்து. எழுத்தில் உள்ள விதிகள் ஹிபின்ஸின் பக்கம்தான் நிற்கின்றன.

ஆனால் வில்ஸ் அந்த ஆட்டத்தைக் கண்டாரா என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒரே முடிச்சில் கட்டி ஒரே வெட்டில் அறுத்துவிட்டார் ஹிபின்ஸ். இங்கேதான் நான் ஒரு சொல்லில் தங்க விரும்புகிறேன்.

‘மார்ன்குருக்’ என்ற பெயர் மெல்பேர்னுக்குக் கிழக்கே வாழ்ந்த மக்களைக் கவனித்த வில்லியம் தொமஸ் என்ற அதிகாரி வழியாக, 1878இல் வெளிவந்த பிரௌ ஸ்மித்தின் நூலில் ஏறியது. வில்ஸ் வளர்ந்த மேற்குப் பகுதியின் பெயரல்ல அது. மேற்குக்கு வேறொரு நூல் இருக்கிறது. ஜேம்ஸ் டோசன் தன் மகள் இசபெல்லாவின் துணையோடு திரட்டி 1881இல் வெளியிட்டது. மேற்கு மாவட்டத்து மக்களிடமே கேட்டு, அவர்கள் மொழியிலேயே சரிபார்த்து எழுதியவர் அவர். அதில் உதைபந்தாட்டம் விரிவாகவே வருகிறது. ஐம்பது பேர், சில வேளை நூறு பேர்கூட ஒன்றாக இறங்குவார்கள். பந்து தோடம்பழ அளவு. பொசம் என்ற சிறு விலங்கின் தோலை மயிர்ப்பக்கம் வெளியே தெரியும்படி மடித்து, உள்ளே இடித்த கரியைத் திணித்து, கங்காருவின் நரம்பால் இறுக்கிக் கட்டியது. அந்த நூலின் சொற்பட்டியலில் ஆட்டத்துக்கு ஒரு பெயரும் இருக்கிறது: ‘மின்கோர்ம்’. அந்தச் சொல்லுக்கு நேரே டோசன் காட்டும் மொழி ‘சாப் வூரோங்’. அதைத்தான் இன்று ஜப் வுரங் என்று எழுதுகிறோம்.

வில்ஸ் பிள்ளைப்பருவத்தில் பேசிய மொழியிலேயே அந்த ஆட்டத்துக்குத் தனிப்பெயர் இருந்தது என்பதே இதன் பொருள். ‘அந்தப் பகுதியில் பதிவில்லை’ என்று சொல்லும்போது இந்தச் சொல்லுக்கு உரிய நிறை கொடுக்கப்படவில்லை. இருபக்கத்தாரும் ‘மார்ன்குருக்’ என்ற கிழக்குப் பெயரையே வைத்து மல்லாடியதால், மேற்கின் சொல் நிழலில் கிடந்துவிட்டது.

ஒரு சொல் இருப்பதாலேயே பொருள் அங்கே, அந்தக் காலத்தில் இருந்தது என்று முடிவுகட்ட முடியுமா? முடியாது. சொல் ஊர்விட்டு ஊர் போகும். நம் றப்பர்த் தோட்டத்தில் வெட்டுவாயில் உறைந்து காய்ந்த பாலை ‘ஒட்டுப்பால்’ என்கிறோம். சிங்களத்திலும் அது ‘ஒட்டபாலு’. சொல் நம் வாயிலிருந்து போனது. றப்பரோ பிரேசிலிலிருந்து கியூ தோட்டம் வழியாக 1876இல் வந்தது. நூறாண்டு கழித்து ஒருவர் சொல்லை மட்டும் வைத்து மரத்தின் ஊரைத் தேடினால் வழிதவறிவிடுவார். டோசன் கேட்டறிந்தது வில்ஸ் அங்கிருந்து போய் வெகுகாலத்துக்குப் பிறகு. ஜப் வுரங் நிலமோ பரந்தது. டோசனுக்குச் சொன்னவர் அதன் தென்பகுதிக்காரராக இருக்கலாம். மின்கோர்ம் மொய்ஸ்டனில் 1840களில் ஆடப்பட்டது என்று இந்தச் சொல் மட்டும் நிறுவாது.

அதனால்தான் அடுத்த சாட்சி முக்கியமாகிறது. மொனாஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெனி ஹொக்கிங்கும் நெல் ரீடியும் 2016இல் ‘மீன்ஜின்’ இதழில் எழுதிய கட்டுரையில், மானிடவியலாளர் ஹொவிட்டின் கையெழுத்துத் தாள்களிலிருந்து ஒரு வாக்குமூலத்தை வெளிக்கொண்டுவந்தார்கள். ஜொனி கொனொலி என்ற முக்ஜராவெய்ன்ட் மனிதர், தான் சிறுவனாக இருந்தபோது கரிவேர்ட் மலைப்பகுதியில் பந்தாடியதைச் சொல்லியிருக்கிறார். ஆங்கிலேயர் கிராம்பியன்ஸ் என்று பெயர் வைத்தது இந்த மலையைத்தான். வில்லியம் மலை அதன் ஒரு சிகரம். மொய்ஸ்டன் அதன் கிழக்கு அடிவாரம். காலமும் கிட்டத்தட்ட வில்ஸ் அங்கே வளர்ந்த காலம்.

கொனொலி ஜப் வுரங் அல்லர். பக்கத்து மக்களைச் சேர்ந்தவர் என்று எதிர்வாதம் வரும். சரி. ஆனால் அந்த இரு மக்களின் மொழிகளும் ஒன்றுக்கொன்று மிக நெருங்கியவை. மணவுறவும் கூடுகைகளும் மலையின் இரு பக்கத்தையும் இணைத்தன. மேற்குச் சரிவில் ஆடிய ஆட்டம் மலையைத் தாண்டாமல் நின்றுவிட்டது, ஆனால் அதன் பெயர் மட்டும் தாண்டி ஜப் வுரங் சொற்பட்டியலுக்குள் வந்துவிட்டது என்று நம்பச் சொல்கிறவர்தான் இப்போது சான்று காட்ட வேண்டும். சான்றுச் சுமை இடம் மாறிவிட்டது. வில்ஸ் அந்த ஆட்டத்தைக் கண்டிருக்கவே மாட்டார் என்பது இன்று கண்டிருப்பார் என்பதைவிடப் பலவீனமான ஊகம். இதை நான் அழுத்தியே சொல்கிறேன்.

ஏன் இத்தனை அழுத்தம் என்று கேட்கலாம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களிடம் கேட்டது கடதாசியைத்தான். இந்த மண்ணில் பிறந்தவரானாலும் தகப்பன் இங்கே பிறந்ததைக் காட்ட வேண்டும்; இல்லாவிட்டால் தகப்பனின் தகப்பனும் அவருடைய தகப்பனும் இங்கே பிறந்ததைக் காட்ட வேண்டும். லயத்துக் காம்பராவில் மருத்துவச்சி கையில் பிறந்தவருக்கு எங்கே கடதாசி? செக்ரோலில் பேர் இருந்தது, துரைக்கு அனுப்பிய கணக்கில் ஆள்தொகை இருந்தது, பிறப்பு இருக்கவில்லை. சுமார் 7 இலட்சம் பேர் நாடற்றவரானார்கள். 1964 ஒப்பந்தத்தில் இலங்கை, இந்திய அரசுகள் அவர்களைத் தொகையாகப் பங்கிட்டன. 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை அந்தக் கணக்கு முழுதாகத் தீரவில்லை. இரத்தினபுரியிலும் கேகாலையிலும், சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக்கிடக்கும் சிறு தோட்டங்களில், பதிவில்லாதவர் என்பதும் இல்லாதவர் என்பதும் ஒரே சொல்லாக ஆளப்பட்டதை எங்கள் வீடுகள் அறியும்.

இது உணர்ச்சிவாதம் என்று ஒதுக்கப்படக்கூடாது என்பதற்காக ஒரு சிறு பொருளைக் காட்டுகிறேன். பால்வெட்டுக்காரர் காலையில் மரத்தடிக்கு வந்ததும், முந்தின நாள் வெட்டுவாயில் காய்ந்து நாடாபோல் ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை உரித்துப் பையில் போட்டுக்கொண்டுதான் கத்தியை வைப்பார். பின்னேரம் அது தனியாக நிறுக்கப்படும். அந்தப் பையிலிருந்து ஓரிரு நாடாக்களை உருவி, கந்தல் உருண்டைமேல் இழுத்து இழுத்துச் சுற்றினால் பந்து. முதலில் வெளிறின மஞ்சள். கைபட்டு, புழுதிபட்டு, ஒரு கிழமையில் கறுத்துவிடும். புளித்த பால் நாற்றம் கையை விட்டுப் போகாது. கல்லில் பட்டால் லயத்துக் கூரைக்கு மேலே எழும்பும். அதை உதைத்தும் எறிந்தும் வளராத பிள்ளை எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் இல்லை. தோட்டத்துப் புத்தகத்தில் ஒட்டுப்பாலின் நிறை றாத்தல் கணக்கில் பதியப்பட்டது. பந்தைப் பதிய அதில் பத்தி கிடையாது. அந்தப் புத்தகங்களை மட்டும் படித்து, களனிப் பள்ளத்தாக்கில் துரைமார் ஆடிய ரக்பிதான் இங்கிருந்த ஒரே பந்தாட்டம் என்று ஒரு ஆய்வாளர் எழுதினால், அவர் பொய் சொன்னவராகமாட்டார். ஆனால் அவர் எழுதியது பொய்யாகத்தான் இருக்கும்.

இனி, வில்ஸின் சொந்த மௌனம். ஹிபின்ஸ் அதை ஒரே நீண்ட மௌனமாக வைத்துப் பார்க்கிறார். அதை ஓர் ஆண்டை வைத்து இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்பது என் வாதம். 1861 அக்டோபர் 17. தகப்பனும் மகனும் குயீன்ஸ்லாந்தில் கலின்-லா-ரிங்கோ என்ற புதிய பண்ணைக்குப் போயிருந்தார்கள். அன்று கயிரி மக்கள் தாக்கியதில் ஹொரேஷியோ உட்பட 19 பேர் இறந்தார்கள். டொம் பொருட்கள் எடுக்கப் போயிருந்ததால் தப்பினார். அதற்குப் பழிவாங்கக் குடியேறிகளும் பொலிஸாரும் கொன்றவர்களின் தொகை அதைப்போலப் பல மடங்கு. அந்த வெறியாட்டில் வில்ஸுக்கும் பங்கிருந்தது என்று கூறும் 1895ஆம் ஆண்டுச் செய்தியொன்று சிகாகோ ட்ரிப்யூனில் இருப்பது 2021இல் தெரியவந்தது. அவர் இறந்து பதினைந்தாண்டு கழித்து எழுதப்பட்டது அது. அதை முழுதாக நம்பவும் எனக்குத் துணிவில்லை, தூக்கி எறியவும் மனமில்லை. வாய்மொழிச் சாட்சியை மதிக்க வேண்டும் என்று கேட்கிற நான், எனக்கு உவப்பில்லாத சாட்சி வரும்போது மட்டும் கதவைச் சாத்த முடியாது.

1861க்கு முந்திய மௌனம், கனவான்கள் படிக்கும் விளையாட்டுப் பத்திரிகைக்கு எழுதிய ஒருவரின் மௌனம். பிந்தியது, தகப்பனைப் புதைத்தவனின் மௌனம். பழங்குடியாரிடம் எதையாவது கற்றேன் என்று சொல்லிக்கொள்ள அதன்பின் எந்த விக்டோரியா மேடை அவருக்குக் காது கொடுத்திருக்கும்?

ஆனாலும் ஐந்தே ஆண்டில் அவர் செய்த காரியம் ஒன்று உண்டு. 1866இல் மேற்கு விக்டோரியாவின் ஈடன்ஹோப் பக்கம் போய், பழங்குடிக் கிரிக்கெட் அணியொன்றைப் பயிற்றுவித்தார். ஜொனி முல்லா அதில் ஒருவர். அந்த ஆண்டு பொக்சிங் தினத்தன்று மெல்பேர்ன் மைதானத்தில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் முன்னிலையில் அவர்களுக்குத் தலைவராக இறங்கினார். 1868இல் சார்ள்ஸ் லோரன்ஸ் தலைமையில் இங்கிலாந்து போய் 47 ஆட்டம் ஆடிய அணி இதிலிருந்து வளர்ந்ததுதான். பணத்துக்காகச் செய்தார் என்பார்கள். பணத் தேவை அவருக்கு இருந்தது. ஆனால் அந்த ஆட்டக்காரர்களின் நிலம் கரிவேர்டுக்கு மேற்கே, கொனொலியின் மக்களுடைய நிலத்தை அடுத்தது. ஓய்வு வேளையில் அவர்கள் என்ன ஆடினார்கள் என்று எந்த நிருபரும் எழுதவில்லை.

1998இல் மொய்ஸ்டனில் நாட்டிய நினைவுக்கல், வில்ஸ் அங்கே பழங்குடிப் பிள்ளைகளோடு ஆடினார் என்கிறது. 2008இன் நூல் அதை மறுத்தது. அடம் கூட்ஸ் என்ற பழங்குடி வீரர் மைதானத்தில் அனுபவித்த அவமதிப்புக்கு 2019இல் மன்னிப்புக் கேட்டபோது, ஆட்டத்தை நடத்தும் அமைப்பு தன் ஆட்டத்தின் பழங்குடி மரபை மீண்டும் ஏற்றுப் பேசியது. இருபதாண்டில் மூன்று நிலைப்பாடு. புதிய சான்றை எடைபோட்டு மாறியதாக எனக்குத் தோன்றவில்லை. காலத்தின் காற்றுக்கு மாறியதாகவே தோன்றுகிறது. கொனொலியின் வாக்குமூலத்தையும் டோசனின் சொற்பட்டியலையும் அருகருகே வைத்து ஆண்டுவாரியாக ஒப்பிடும் வேலை இன்னும் செய்யப்பட வேண்டியது. அதை ஜப் வுரங் வழித்தோன்றல்கள் இல்லாமல் செய்யவும் கூடாது.

பிரௌ ஸ்மித்தின் நூல் வந்தபோது வில்ஸ் உயிரோடிருந்தார். ஆனால் அதில் உள்ளது கிழக்கின் ஆட்டம், அவருக்குப் பழகாத பெயர். குடியில் உடைந்து, மருத்துவமனையிலிருந்து வெளியேறிய மறுநாளே, 1880 மே 2இல் ஹைடல்பேர்க்கில் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். வயது 44. வொரிங்கல் மயானத்தில் அடையாளமில்லாத குழியில் வைத்தார்கள்; கல் நாட்ட நூறாண்டு சென்றது. பொசம் தோலும் இடித்த கரியும் மின்கோர்ம் என்ற சொல்லும் அடங்கிய டோசனின் நூல் அச்சேறியது அடுத்த ஆண்டு.